பார்த்தாலே தெரியும்

மகளுக்குப் பார்த்த மாப்பிள்ளைக்குக் கப்பலில் சமையல் வேலை என்றதும் மரக்கடை முதலாளிக்குச் சந்தேகம் தட்டியது. துறைமுகம் துறைமுகமாகச் சுற்றுகிறவன், எந்தப் பால்வினை நோயை வாங்கி வந்திருக்கிறானோ!

"சோதனை பண்ணிட்டுத்தான் மேற்கொண்டு பேச்சு" என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

"தாராளமா பண்ணலாம். தனியா போகக் கூச்சமா இருக்கு, துணைக்கு நீங்களும் வந்து சோதனைக்குக் குடுங்க மாமா" என்றான் மாப்பிள்ளை.

"எனக்கென்ன பயம்?" என்று முதலாளியும் ஒரு குப்பியில் சிறுநீர் கொடுத்தார்.

முடிவு வந்த அன்று மாப்பிள்ளையோடு மனைவியையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்.

"தனித்தனியா சொல்றேனே" என்றார் டாக்டரம்மா.

"எல்லார் முன்னாடியும் சொல்லுங்க. இவன் மூஞ்சியைப் பார்த்தாலே எனக்குத் தெரிஞ்சுபோச்சு!"

மாப்பிள்ளையும் சரியென்று தலையாட்டினான்.

"மூஞ்சியில எழுதி ஒட்டியிருக்காதுங்க" என்றார் டாக்டரம்மா. "ஆம்பளையோ பொம்பளையோ, நிறைய பேருக்கு எரிச்சல், புண்ணுன்னு எதுவுமே தெரியாது. உங்க ரெண்டு பேர்ல ஒருத்தருக்குத் தொற்று இருக்கு. மாத்திரையில சரியாயிடும். ஆனா அவரோட சம்சாரத்தையும் சோதிக்கணும்."

முதலாளி நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார்.

"அடப்பாவி! உனக்கு ஏற்கெனவே கல்யாணம் வேற ஆயிருக்கா?"

மாப்பிள்ளை திருதிருவென்று விழித்தான். முதலாளியின் மனைவி புடவையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

"அந்தச் சம்சாரம் நான்தான் டாக்டர். முதல்ல என்னைச் சோதிங்க. இவரை வீட்டுல வச்சு நான் சோதிச்சுக்கறேன்."