தினம் ஒரு தம்ளர் பீட்ரூட்

"மறுபடியும் பீட்ரூட்டா, அண்ணாச்சி?" தென்காசி மார்க்கெட்டில் காய்க்கடை பாண்டி சிரித்தார்.

"ஞாயித்துக்கெழம குற்றாலத்துல ஓட்டப்பந்தயம்லா! அறுபது தாண்டுனவங்களுக்கு இருபத்தோரு கிலோமீட்டர். பீட்ரூட்ல நைட்ரேட்டுன்னு ஒண்ணு இருக்காம். ஓடும்போது மூச்சு தாங்குமாம். மூளைக்கும் ரத்தம் நல்லாப் போயி மறதி கொறையும்னு மக போன்ல சொல்லுதா" என்றார் ஓய்வுபெற்ற ஏட்டு தங்கசாமி.

"இந்த வயசுல என்னா வைராக்கியம்!"

தங்கசாமி மீசையைத் தடவிக்கொண்டார். மூன்று மாதமாக விடியும் முன்பே எழுந்து, தோல் சீவி, அரைத்து, வடிகட்டுவது அவர்தான். உள்ளங்கைச் சிவப்பு சோப்புக்கும் போகவில்லை.

பந்தயத்தன்று குற்றாலத்தில் சாரல் அடித்தது.

"சார், நெஞ்சுல குத்துற நம்பர் அட்டையக் காட்டுங்க. அது இல்லாம ஓட விடமாட்டோம்" என்றார் மேசையில் இருந்தவர்.

தங்கசாமி பையைக் கவிழ்த்தார். துண்டு இருந்தது, பிளாஸ்க் இருந்தது, அட்டையைக் காணோம். மிக்சி பக்கத்தில் வைத்தது நினைவுக்கு வந்தது. மூன்று மாத உழைப்பும் போச்சே என்று பையை மறுபடியும் உதறினார்.

"என்னத்தத் தேடுதிய?" பின்னால் மனைவி நிர்மலாதேவியின் குரல் கேட்டது.

திரும்பினார். மழைக்கோட்டைக் கழற்றி அவர் கையில் திணித்த நிர்மலாதேவியின் நெஞ்சில் அந்த அட்டை பளிச்சென்று இருந்தது.

"நீங்க மறந்துருவியன்னு தெரிஞ்சுதான் நானே எடுத்துக் குத்திக்கிட்டு வந்தேன். பந்தயத்துல ஓடுததும் நான், தெனமும் ஜூஸ் குடிக்கதும் நான்லா! நாளைலேர்ந்து உங்களுக்கும் ஒரு தம்ளர் சேத்து அரைங்க" என்று சொல்லிவிட்டு, ஷூ கயிற்றை இறுக்கிக்கொண்டு அவள் ஓடக் கிளம்பினாள்.