பொண்ணே படிக்கட்டும்

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டதும் ஜலஜா டைப் அடிப்பதை நிறுத்தினாள்.

நாலு மணிக்கு வருகிறோம் என்ற கல்யாணப் பார்ட்டி மூன்றரைக்கே வந்துவிட்டது. கம்ப்யூட்டர் திரையோ கன்னங்கரேலென்று இருக்கிறது.

கறுப்புத் திரையில் கொட்டை கொட்டையாக வெள்ளை எழுத்து. அப்படி இருந்தால்தான் அவள் கண்ணுக்குப் பிடிபடும். வெள்ளைத் திரை என்றால் ஒரு வருஷமாகவே பாலைக் கொட்டியது போலத்தான். கண்ணாடியை மூன்று தடவை மாற்றியாயிற்று. இனி மாற்றிப் பிரயோஜனமில்லை என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

சர்வீஸுக்கு வந்த ஜவஹர்தான் போன தீபாவளி சமயத்தில் வழி சொன்னான். "இன்னாக்கா, கண்ணு கூசுதா? இந்த மூணு பட்டனையும் சேத்து அமுக்கு."

அமுக்கினால் கறுப்பு. மறுபடி அமுக்கினால் வெள்ளை. அன்றிலிருந்து அந்த மூன்று பொத்தான்தான் அவளுக்குச் சோறு போடுகிறது.

முதலாளி அய்யாதுரைக்கு இது தெரியாது. தெரிந்தால் தொலைந்தது. பாண்டி பஜாரில் பத்திரிகை அடிக்கிற கடையில் கண் தெரியாதவளை யார் வைத்துக்கொள்வார்கள்? அதுவும் கல்யாணப் பத்திரிகையைக் கறுப்பில் பார்த்தால், அபசகுனம் என்று பார்ட்டி எழுந்தே போய்விடும். இந்த மாதம் ஏற்கெனவே இரண்டு பிழை. "இன்னொண்ணு ஆச்சுன்னா வீட்டோட இருந்துக்கோம்மா" என்று நேற்றுத்தான் சொல்லியிருந்தார்.

அமுக்கினாள். திரை வெளுத்தது. கதவு திறந்தது.

வாசித்துக் காட்டச் சொன்னால் அவளுக்குப் பயமில்லை. அடித்ததையெல்லாம் வரி விடாமல் மனப்பாடம் செய்துவிடுவாள். திரையைப் பார்த்தபடி ஒப்பிப்பாள். இதுவரை ஒரு ஈ காக்காய் கண்டுபிடித்ததில்லை.

இன்றைக்கு ஒரு படபடப்பு மட்டும். காலையில் மாப்பிள்ளையின் அம்மா பங்கஜம் போன் செய்து முகூர்த்தத்தை மாற்றியிருந்தாள். ஆறு போய் ஒன்பது. மாற்றியதும் வழக்கம்போல, எத்தனை மணிக்குத் திருத்தினாள் என்பதைப் பக்கத்தின் அடியில் அடித்து வைத்தாள். ஒன்பது, ஒன்பது என்று மத்தியானம் சாதத்தைப் பிசையும்போதுகூட உருப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஜலஜா, அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டு" என்றார் அய்யாதுரை.

"அவங்க எதுக்கு? பொண்ணே படிக்கட்டும். அவ கல்யாணம்தானே!" பங்கஜம் சுவரோர நாற்காலியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

அப்பாடா! ஜலஜாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. எழுந்து இடம் கொடுத்தாள்.

கல்யாணப் பெண் லாவண்யா உட்கார்ந்து, மூக்கு திரையில் இடிக்கிற அளவுக்குக் குனிந்தாள். வருங்கால மாமியாருக்கு முன்னால் வெட்கப்படுகிறாள் போலிருக்கிறது.

ஆனால் என்ன படிப்பு! தாத்தா பெயர், ஊர்ப் பெயர், மண்டபத்து விலாசம், ஓர் இடத்தில்கூடத் தடுமாறவில்லை. ஜலஜா கூடவே மனதுக்குள் சொல்லிக்கொண்டு வந்தாள்.

"...வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு மேல் ஏழரை மணிக்குள்..."

ஜலஜாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாற்றினாளே! கறுப்பில் கண்ணாரப் பார்த்து மாற்றினாளே!

பெண்ணின் கையைப் பார்த்தாள். மேஜை விளிம்பை இறுகப் பிடித்திருந்தது.

இவள் படிக்கவில்லை. முன்பு எழுதிக் கொடுத்த பழைய வாசகத்தை ஒப்பிக்கிறாள்.

"ஆறா? ஒன்பதுன்னு காலையில போன்ல சொன்னேனே! நல்லாப் பாரும்மா" என்றாள் பங்கஜம்.

லாவண்யா இன்னும் குனிந்தாள். அய்யாதுரை திரையை நோக்கி வந்தார்.

வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். அவர் பார்ப்பார், ஒன்பது என்று இருக்கும், ஜலஜாவின் வேலை பிழைத்தது. இந்தப் பெண்ணின் கல்யாணம்? அது அவளுக்கு என்ன வந்தது?

பாழாய்ப் போன கை கேட்கவில்லை. நடுவில் நீண்டு ஃபைலை மூடிவிட்டது.

"சார், நேரத்தை மாத்த மறந்துட்டேன். அவங்க சரியாத்தான் படிச்சாங்க. தப்பு என்னோடது."

பார்ட்டிக்கு எதிரில் அய்யாதுரை சத்தம் போடவில்லை. பல்லைக் கடித்தார். "மாத்திட்டு அந்தப் பொண்ணுகிட்டக் காட்டு. சாயங்காலம் போறப்ப என்னைப் பாத்துட்டுப் போ."

அட்டை மாடல் காட்ட, பங்கஜத்தைக் கீழே அழைத்துப் போனார்.

"நல்லவேளை" என்று லாவண்யா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். முகமெல்லாம் வியர்த்திருந்தது.

ஜலஜாவுக்கு எரிச்சலாக வந்தது, அழுகையும் வந்தது. ஃபைலைத் திறந்தாள். லாவண்யாவின் விரல்களைப் பிடித்து அந்த மூன்று பொத்தான்மேல் வைத்து, தன் விரலால் அழுத்தினாள்.

திரை கறுத்தது.

லாவண்யா அசையவில்லை. பிறகு அவள் தலை மெதுவாகத் திரையிலிருந்து பின்னுக்கு வந்தது. ஒவ்வோர் எழுத்தாக, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கூட்டிப் படித்தாள்.

"ஒன்பது மணிக்கு மேல்... பத்தரை மணிக்குள்..." கண் அடிவரிக்குப் போனது. "திருத்தியது... காலை பத்து நாற்பது."

சட்டென்று திரும்பினாள். "அக்கா! காலையிலயே மாத்திட்டீங்களா?"

படியில் மறுபடி செருப்புச் சத்தம்.

"அது கிடக்கட்டும்" என்றாள் ஜலஜா. "அவங்க வர்றதுக்குள்ள உன் பேரைப் படி. மூணாவது வரி."