முதல் அழுகைக்கு வரும் எண்

நாட்டில் அடுத்துப் பிறக்கும் குழந்தைக்கான பதினொரு இலக்க அடையாள எண், பிரசவ அறைத் திரையில் அசையாமல் நின்றது. ஒன்றையும் தன்னையும் தவிர எதனாலும் வகுபடாத பகா எண். அதை வாங்கிய பிள்ளைக்குக் கல்யாணப் பொருத்தமே அமையாது என்று நாடெங்கும் பிரசவங்களைத் தள்ளிப்போட்டிருந்தார்கள். எங்கே எந்தப் பிள்ளை முதலில் அழுகிறதோ அதன் பேரில் எண் பதிவாகி, திரையில் அடுத்த எண் வந்துவிடும்.

இசக்கியப்பனின் மகள் பிறந்துவிட்டாள், இன்னும் அழவில்லை. உள்ளங்காலைத் தட்டப்போன நர்ஸின் கையை அவன் பிடித்துக்கொண்டான்.

"ஒரு நிமிசம் பொறுங்க சிஸ்டர். வேற யாருக்காவது அது போயிரட்டும்."

குழந்தை நீலம் பாரித்தது. எண் மாறவில்லை.

"எனக்கும் பகா எண்தான்!" படுக்கையிலிருந்து அவன் மனைவி செண்பகம் அலறினாள். "கடைசி இலக்கத்தை மாத்திச் சொல்லித்தான் எங்கப்பா உங்களுக்குக் கட்டிவச்சாரு. ஆறு வருசமா நல்லாத்தான இருக்கோம்? பிள்ளைய அழ வைங்க!"

நர்ஸை முந்திக்கொண்டு இசக்கியப்பனின் கையே அந்தப் பிஞ்சுப் பாதத்தில் விழுந்தது.