எந்தக் கதிர் பெரிசு?

"பி-ஆர் கதிர்தாங்க பெரிசு. ஆர் எவ்வளவு தள்ளி இருக்கு பாருங்க!" என்றாள் மனைவி.

கணக்கு வாத்தியாருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பீரோக் கதவில் சாக்பீஸால் ஒரு கோடு. அதன்மேல் பி, க்யூ, ஆர் என்று வரிசையாக மூன்று புள்ளிகள்.

"கதி... கதிருக்கு..." நாக்கு ஒட்டிக்கொண்டது. பக்கவாதம் வந்து படுத்ததிலிருந்து இதே பாடுதான். நாளைக்குத் தலைமையாசிரியர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கப்போகிறார். தடுமாறாமல் பாடம் நடத்தினால் மறுபடி வகுப்பு. இல்லாவிட்டால் ஆபீஸ் மூலையில் ஒரு நாற்காலி. 

அவளோ கன்னத்தில் கை வைத்து, அவசரமே இல்லாமல் காத்திருந்தாள்.

"கதிருக்கு நீளமே கிடையாது. பி-யில கிளம்பினா போயிக்கிட்டே இருக்கும். க்யூவும் ஆரும் வழியில இருக்கிற புள்ளிங்க. பி-க்யூன்னாலும் பி-ஆர்னாலும் ஒரே கதிர்தான்."

"அப்ப க்யூ-பியும் அதேதான். எழுத்துதானே இடம் மாறியிருக்கு?"

"ஐயோ! முதல் எழுத்துதான் ஆரம்பப் புள்ளி. இது க்யூவுல கிளம்பி எதிர்ப்பக்கம் போகுது."

"வீட்டுலேர்ந்து பஸ் ஸ்டாண்டு போனாலும், அங்கேர்ந்து வீட்டுக்கு வந்தாலும் ஒரே ரோடுதானேங்க?"

"அது கோட்டுத்துண்டு, ரெண்டு பக்கமும் முடிஞ்சிடும். கதிருன்னா நீ பஸ் ஸ்டாண்டைத் தாண்டிப் போயிக்கிட்டே இருப்ப, நான் வீட்டைத் தாண்டிப் போயிக்கிட்டே இருப்பேன். எந்த ஜென்மத்துல நாம சேர்றது?"

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நாக்கு எங்கேயும் மக்கர் பண்ணவில்லை என்பதை அவர் அப்புறம்தான் கவனித்தார். சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

"இப்படி ஏடாகூடமான கேள்வியெல்லாம் எங்கேர்ந்துதான் புடிக்கிறியோ!"

"நானா புடிச்சேன்? எல்லாம் உங்க வகுப்புப் பிள்ளைங்க கேட்டதுதான். ஜன்னலோரத்துல ஒரு வாலு இருக்கான், எடுத்ததும் நீளத்துலதான் ஆரம்பிப்பான். பார்த்துக்குங்க."

நாளைக்கு அவர் தேறிவிட்டால், அவர் படுத்த நாளிலிருந்து அந்த வகுப்பை ஆசை ஆசையாக நடத்திவந்த தற்காலிக டீச்சருக்கு இனி அங்கே வேலை இல்லை. அந்த டீச்சர் தன் கணவரின் கண்ணைத் துடைத்துவிட்டு, "எங்க, முதல்லேர்ந்து இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள்.