சைவக்காரன் வீட்டு ஃபெரட்டுகள்

“இன்னைக்கும் ஈரல்தானா, மச்சான்?”

கொல்லைக் கதவைத் தட்டாமலே உள்ளே வந்த பாரி, கிண்ணத்தை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டான். ஒரு கையில் தோல் உரிக்காத முயல்கள் இரண்டு. தோளில் வார் வைத்த மரப்பெட்டி.

இயன் தலையை மட்டும் ஆட்டினான். ஆறு மணிக்கு எழுந்திருந்தான். கெட்டிலில் தண்ணீர் சுடவைத்து, பாதியைத் தேநீருக்கு ஊற்றினான். மீதியில் உறைந்த ஈரல் பொட்டலத்தைப் போட்டான். அது இளகும்வரை ஜன்னல் பக்கம் திரும்பி நின்றான். பிறகு கையுறை மாட்டிக்கொண்டு நறுக்கினான். ஏப்ரலில் மனைவி ஹேசல் இறந்ததிலிருந்து தினமும் காலையில் இந்தத் தீனி வேலைதான்; ஈரல் மட்டும் இந்த ஒரு வாரமாக. இப்போது அக்டோபர்.

கூண்டில் அவளுடைய மூன்று ஃபெரட்டுகள், கீரிப்பிள்ளைக்குப் பங்காளி போல நீண்ட உடம்போடு, கம்பியில் மூக்கை வைத்துக் காத்திருந்தன. பிக்கிள், சட்னி, டஃபி.

“உறையவச்ச கோழிக்குஞ்சு மூட்டை தீந்துபோச்சு. சந்தையில ஈரல்தான் மலிவு” என்றான் இயன்.

“மலிவுன்னு அதையே போடுவியா? கறுப்பா கழியுதா இல்லையா?”

“கழியுது.”

“பின்னே! பத்துல ஒரு பங்குதான் ஈரலு, கிட்னி எல்லாம் சேத்து. மிச்சமெல்லாம் எலும்போட கறி. கோழிக் கழுத்து, ரெக்கை... பார்ன்ஸ்லி சந்தையில கறிக்கடைக்காரர்கிட்ட கேட்டா சும்மாவே குடுப்பாரு.”

“கேட்டேன். சூப்புக்கான்னு கேட்டாரு. என்ன சொல்றதுன்னு தெரியாம ஆமான்னுட்டேன். எலும்பைச் சுத்தமா சுரண்டி, கறியே இல்லாம குடுத்துட்டாரு.”

“அதை என்ன பண்ணே?”

“வேகவச்சேன்.”

“அடப்பாவி! வெந்த எலும்பு ஊசியா உடையுமே, குடலைக் கிழிச்சிடுமே!”

“குடுக்கலை. ஹேசல் எழுதி வச்ச சீட்டுல ‘பச்சையா’ன்னு இருந்துச்சு. ரெண்டு தடவை படிச்சுப் பாத்துட்டுக் கீழே கொட்டிட்டேன்.”

பாரிக்குச் சிரிப்பதா, திட்டுவதா என்று தெரியவில்லை. கூண்டைத் திறந்து ஒரு முயலை முழுசாக உள்ளே போட்டான். மூன்றும் பாய்ந்தன. ரோமம் பறந்தது. எலும்பு நொறுங்கும் சத்தம் கேட்டதும் இயன் சுவரைப் பார்த்தான்.

“பாரு, அதைப் பாக்கக்கூட உன்னால முடியலை. பன்னெண்டு வயசுலேந்து கறி தொடாத ஆளு. எங்க அம்மா வான்கோழியை மேசைக்குக் கொண்டாந்தாலே எந்திரிச்சு வாசலுக்குப் போறவன். சட்னி உன்னை எத்தனை தடவை கடிச்சிருக்கு?”

“எண்ணலை.”

பாரி பெட்டியை இறக்கி வைத்தான். “மூணையும் குடுத்துடு, மச்சான். குளிர்காலம் பூரா முயல் பிடிக்கிறவன் நான். தீனிக்குச் செலவே இல்லை. உன்கிட்ட இன்னும் ஒரு மாசம் இருந்தா ஒண்ணுகூட மிஞ்சாது. நீயும் ஒன்பது மணி வரைக்கும் தூங்கலாம்.”

“தூங்கலாம்” என்றான் இயன். “எந்திரிச்சு?”

“எந்திரிச்சு என்ன?”

இயன் கையுறையைக் கழற்றினான். பாரிக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை.

“தர முடியாது, பாரி.”

பாரி வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தான். தொப்பியைக் கழற்றிக் கையில் சுருட்டினான்.

“ஏழு வயசுலேந்து அவளும் நானும் ஒண்ணாத்தான் வேட்டைக்குப் போவோம். ஃபெரட்டை வளைக்குள்ளே விட்டுட்டு, பனியில தரையோட காதை வச்சுப் படுத்திருப்போம். உள்ளே முயல் ஓடுற சத்தம் கேட்டதும் என் சட்டையைப் பிடிச்சு இழுப்பா. பிக்கிளோட ஆத்தாளை அவளுக்குக் குடுத்ததே நான்தான். சொந்த அண்ணனை விட்டுட்டு, கறின்னாலே மூஞ்சியைத் திருப்புற உன்கிட்டப் போய் ஒப்படைச்சிருக்கா. ஆறு மாசமா யோசிக்கிறேன், ஒண்ணும் புரியலை. நான் என்னடா தப்பு பண்ணேன்?”

“நீ ஒண்ணும் பண்ணலை.”

“அப்ப சாகும்போது என் நெனப்பே வரலையா அவளுக்கு? நீதானே பக்கத்துல இருந்தே. என்ன சொன்னா, அதைச் சொல்லு.”

இயன் கத்தியைக் குழாயில் கழுவினான். கழுவிய கத்தியை மறுபடி கழுவினான்.

“நான்தான் பாத்துக்கணும்னு சொன்னா.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

 பாரி எழுந்து இரண்டாவது முயலை ஆணியில் மாட்டினான். காலிப் பெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டான்.

“சரி. அவளே சொல்லிட்டா, அப்புறம் நான் யாரு கேக்க? நாளைக்குக் கோழிக் கழுத்து கொண்டாறேன். ஈரல் பக்கம் போகாதே. எங்கிட்ட சொல்லாட்டியும் உங்கிட்ட சொல்லியிருக்கா, அதையாவது ஒழுங்கா செய்.”

தொப்பியால் முகத்தைத் துடைத்துக்கொண்டே போனான். வேன் சத்தம் தெரு முனையில் தேய்ந்தது.

இயன் கூண்டின் முன்னால் குந்தினான். சட்னி கம்பி இடுக்கில் அவன் விரலைக் கவ்வியது. அவன் விரலை இழுக்கவில்லை.

அன்று ஆஸ்பத்திரியில், ஆக்சிஜன் குழாயை ஒரு கையால் விலக்கிப் பிடித்துக்கொண்டு, ஹேசல் கடைசியாகச் சொன்னது இதுதான்: “மூணையும் எங்க அண்ணன்கிட்ட குடுத்துடு, இயன்... நான் அண்ணனை நெனச்சுத்தான் குடுக்கச் சொன்னேன்னு சொல்லு.”