இருபத்தோராம் பாகத்தில் செபஸ்தியான்

செபஸ்தியான் செத்துப்போனவன் என்பதே அவருக்கு இன்று காலைதான் தெரிந்தது.

அதுவும் வாசகர்கள் சொல்லி.

கையில் போன். பக்கத்தில் காபி ஆடை கட்டிக் கிடந்தது. அவர் எழுதிவரும் 'மாலுமி நீலன்' வரிசையின் இருபத்தோராவது நாவல் இப்போதுதான் கடைக்கு வந்திருக்கிறது. வாசகர் குழுவில் ஒரே அமளி.

"ஐயோ, செபஸ்தியான் உயிரோட இருக்கானா! இத்தனை வருஷமா எங்களை ஏமாத்திட்டீங்களே சார்!"

"பதினோராம் பாகத்துல அவனைக் கடல்ல இறக்கினப்போ எனக்குச் சோறு இறங்கலை. இப்ப துடுப்போட வந்து நிக்கிறான். புல்லரிச்சுப் போச்சு."

"பாய்த்துணிக்குள்ள யார் இருந்தான்னு அப்ப யாருமே பார்க்கலையே! அன்னைக்கே திட்டம் போட்டுட்டார் மனுஷன்."

திட்டமாம்.

ஒரு திட்டமும் இல்லை. நீலனுக்கு அவசரமாக ஒரு படகு தேவைப்பட்டது. படகு என்றால் செபஸ்தியான். வரச் சொன்னார், வந்துவிட்டான். பிழை திருத்துகிற பெண் புதியவள், பழைய பாகங்களைப் படிக்காதவள். பதிப்பாளரோ, "எங்கிட்டகூட மூச்சு விடலையே சார்" என்று செல்லமாகக் கோபித்துக்கொண்டார். எதைச் சொல்கிறார் என்று புரியாமலே இவரும் சிரித்து வைத்தார்.



எழுந்து போய் அலமாரியிலிருந்து பதினோராம் பாகத்தை எடுத்தார். நின்றபடியே படித்தார்.

காய்ச்சலில் செத்த நண்பனை நீலன் பாய்த்துணியில் சுற்றுகிறான். வேறு யாரையும் தொட விடவில்லை. தானே தைக்கிறான்.

அவருக்குக் கண் கலங்கியது. நன்றாகத்தான் எழுதியிருக்கிறது.

அடுத்து என்ன ஆகும் என்று ஆவலாகப் பக்கத்தைப் புரட்டினார்.

புரட்டிய பிறகுதான் பயம் வந்தது.

எழுதியவர் அவர். அடுத்து என்ன என்று அவருக்கே தெரியவில்லை. பல் விழுந்த இடத்தை நாக்கு துழாவுவது போல அந்த நாட்களைத் துழாவிப் பார்த்தார். எந்த மேசையில் எழுதினார்? அப்போது மழையா, வெயிலா? ஒன்றும் கிடைக்கவில்லை. வெறும் குழி.

சமையலறையில் மிக்சி ஓடிக்கொண்டிருந்தது. மனைவி இந்திராணி சட்னி அரைக்கிறாள்.

அவளுக்குத் தெரியக்கூடாது. அவளுடைய அப்பா கடைசிக் காலத்தில் அவளையே பார்த்து "யாரும்மா நீ" என்று கேட்டவர். அன்று அவள் கொல்லையில் போய் அழுததை இவர் பார்த்திருக்கிறார். இன்னொரு தடவை அவளால் ஆகாது.

யாரும் கண்டுபிடிக்கவில்லை. எல்லோரும் கொண்டாடுகிறார்கள். இருபத்திரண்டில் சமாளித்துக்கொள்ளலாம். காய்ச்சல் தெளிந்தது, துணிக்குள் மணல் மூட்டை என்று ஏதாவது அளந்துவிடலாம்.

ஆனால் குழுவில் ஒரு பெயரை மட்டும் காணவில்லை.

கோவில்பட்டி செண்பகவல்லி டீச்சர். ஒவ்வொரு பாகமும் வந்ததும் முதல் ஆளாகக் குற்றப் பத்திரிகை வாசிக்கிறவர். 'ஒன்பதாம் பாகத்தில் நீலனுக்கு இடது தோளில் தழும்பு, இதில் வலது தோளில். கவனிக்கவும்.' இவர் அவருக்குக் கோவில்பட்டி கோர்ட்டு என்றே பெயர் வைத்திருந்தார். அந்தப் பெயரைப் பார்த்தாலே எரிச்சல் வரும்.

இன்று மேலும் கீழும் தள்ளித் தள்ளித் தேடினார். டீச்சர் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது. ஒரு வரியும் இல்லை.

போன் அடித்தது.

செண்பகவல்லி டீச்சர். புத்தகக் கண்காட்சியில் எண் வாங்கிக்கொண்டு போனவர், ஒரு நாளும் கூப்பிட்டதில்லை.

எடுத்தார்.

"சார், நல்லாருக்கீகளா?"

"ம். சொல்லுங்க டீச்சர். தப்பு கண்டுபிடிச்சாச்சா?" சிரிக்கப் பார்த்தார்.



"எல்லாரும் திருப்பம் திருப்பம்னு குதிக்காக சார். நானும் அப்படித்தான் நினைச்சுக்கிடணும்னு பார்த்தேன். ராவெல்லாம் மனசு ஒத்துக்கலை. பதிமூணுல அவன் மக கல்யாணத்த, அப்பன் ஸ்தானத்துல நின்னு நீலன்தான நடத்தி வச்சான்? உசுரோட இருக்கிற அப்பன் மக கல்யாணத்துக்கு வராம ஒளிஞ்சு கிடப்பானா? செபஸ்தியான் அப்படி ஆளா? நீங்கதான் அப்படி எழுதுவீகளா?"

மகளா?

செபஸ்தியானுக்கு மகள் இருந்தாளா?

அவர் அலமாரியைப் பார்த்தார். பதிமூன்றாம் பாகம் அங்கேதான் இருந்தது. எடுக்கப் பயமாக இருந்தது.

"குழுவுல நான் எதுவும் எழுதலை சார். எழுதவும் மாட்டேன். யார்ட்டயும் சொல்லவும் மாட்டேன்." டீச்சரின் குரல் தணிந்தது. "வீட்டம்மா பக்கத்துல இருக்காகளா? கொஞ்சம் போனக் குடுங்களேன்."

போனை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"அவ இல்லையே. கடைக்குப் போயிருக்கா."

மிக்சி நின்றது.

"யாருங்க போன்ல?" சமையலறையிலிருந்து இந்திராணி சத்தமாகக் கேட்டாள்.

அது கோவில்பட்டி வரைக்கும் கேட்டிருக்கும்.



டீச்சர் போனை வைக்கவில்லை. காத்திருந்தார்.