ஒரு மஞ்சள் புள்ளி

எல்லாம் பச்சையாகிவிட்டது. ஒன்றைத் தவிர.

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். திரையில் அந்த மஞ்சள் புள்ளி அங்கேயேதான் இருந்தது. மலைமேல் இருக்கும் பள்ளி. ஆறாம் வகுப்பு. ஒரே ஒரு டேப்லெட் மட்டும் மற்றவை மாதிரி இல்லை.

அறக்கட்டளைக்கு ஐந்து பள்ளிகள். பிள்ளைகளுக்கு டேப்லெட் கொடுத்த நாளிலிருந்து ஒவ்வொரு பள்ளியும் தன் போக்கில் ஓட்டிக்கொண்டிருந்தது. ஓரிடத்தில் வீட்டுக்கே கொடுத்து அனுப்பினார்கள். ஓரிடத்தில் பிள்ளைகள் கை படாமல் பீரோவில் வைத்துப் பூட்டி, பத்திரமாகப் பார்த்துக்கொண்டார்கள். டவுன் பள்ளியில் கணக்கு வாத்தியார் வகுப்பில் தூங்கியதை ஒரு பிள்ளை படம் பிடித்து ஊருக்கே காட்டிவிட்டது.

அதற்கப்புறம்தான் தாளாளருக்கு ஞானம் பிறந்தது. எல்லாப் பள்ளியிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். தலைமை அலுவலகத்தில் உட்கார்ந்து அதைச் செய்ய ஓர் ஆள் வேண்டும்.

அந்த ஆள் அவள்.

வராந்தாவின் கோடியில், உடைந்த பெஞ்சுகளைப் போட்டு வைக்கும் அறைக்குப் பக்கத்து அறை. யாரும் அந்தப் பக்கம் வருவதில்லை. எதையாவது திறக்க முடியாவிட்டால் பிள்ளைகளின் திரையில் ‘நிர்வாகியை அணுகவும்’ என்று வரும். அந்த நிர்வாகியும் அவள்தான். இதுவரை ஒருவரும் அணுகியதில்லை. மதியம் டப்பாவைத் திறந்து சாப்பிடும்போதும் எதிரில் திரைதான்.

கேமராவை மூடுவது என்று முடிவு செய்ததும் அவளே. மூடிவிட்டால் ஒரு வம்பும் இல்லை. மூடியதற்காக யாரும் யாரையும் திட்டியதில்லை.

இந்த ஒன்றில் மட்டும் யாரோ திறந்து வைத்திருக்கிறார்கள்.

மலைப் பள்ளி விடுதிக்குப் போன் போட்டாள். விடுதிக் காப்பாளர் அருக்காணி எடுத்தார்.

“அது மேகலாவோடதுங்க மேடம். அந்தப் புள்ளைக்குக் காது கேக்காது, பேச்சும் வராது. அவங்கம்மாவுக்கும் அப்படித்தான். திருப்பூர்ல பனியன் கம்பெனில இருக்கறாங்க. சாயங்காலமானா ரெண்டு பேரும் அதுல மூஞ்சியப் பார்த்துக் கையிலயே பேசிக்குவாங்க. பழைய ஹெட்மாஸ்டர்தான் தொறந்து குடுத்தாரு.”

மற்ற பிள்ளைகள் எப்படிப் பேசுவார்கள் என்று கேட்டாள்.

“ஞாயித்துக்கிழமை என் போன்ல வரிசையா நின்னு பேசுவாங்க. இது அந்த வரிசைல நின்னு என்னங்க பண்ணும்?”

அவள் தாளாளருக்குப் போன் செய்தாள். இந்த ஒன்றை மட்டும் விட்டுவிடலாமா என்று கேட்டாள். வேலைக்கு வந்த நாளிலிருந்து அவள் யாருக்காகவும் எதையும் கேட்டதில்லை.

“ஒண்ணுக்கு விட்டா இன்னொண்ணு வந்து நிக்கும். தொறக்கறதோ மூடறதோ உங்க பாடு. ஆனா அஞ்சு ஸ்கூல்லயும் ஒரே மாதிரி இருக்கோணும். நாளைக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா நீங்கதான் பதில் சொல்லோணும், பார்த்துக்குங்க.”

வைத்துவிட்டார்.

ஒரு சொடுக்கு போதும். மஞ்சளும் பச்சையாகிவிடும். இன்று சாயங்காலம் மேகலா கறுத்த திரையின் முன்னால் உட்கார்ந்திருப்பாள். என்ன ஆயிற்று என்று அவள் கேட்டாலும் அங்கே யாருக்கும் புரியாது. திருப்பூரில் ஒருத்தி வேலை முடிந்து வந்து, தலையைக் கோதிவிட்டுக்கொண்டு, போனைப் பார்த்தபடி இருப்பாள்.

நாள் முழுக்கப் பேச ஆளில்லாமல் இருப்பது எப்படி இருக்கும் என்று இந்த அறையில் உட்கார்ந்திருப்பவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வீட்டுக்குப் போனாலும் பூட்டை அவளேதான் திறக்க வேண்டும்.

மௌஸை மஞ்சள் புள்ளி வரைக்கும் கொண்டுபோனாள்.

நிறுத்தினாள்.

மேலே வந்து, ஐந்து பள்ளிகளையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்தாள். கேமராவைத் திறக்கச் சொன்னாள். ‘உறுதியா?’ என்று கேட்டது.

உறுதியெல்லாம் இல்லை. நாளைக்கே இன்னொரு வாத்தியார் தூங்குவார், இன்னொரு பிள்ளை படம் பிடிக்கும். பதில் சொல்ல அவள் ஒருத்திதான் நிற்பாள். இந்த அறையும் போய்விடும்.

அழுத்திவிட்டாள்.

பச்சை. எல்லாம் பச்சை.

மற்றவர்கள் கிளம்பிப் போனார்கள். வண்டிகள் ஒவ்வொன்றாகக் கேட்டைத் தாண்டும் சத்தம் கேட்டது. அவள் எழுந்திருக்கவில்லை.

இருட்டத் தொடங்கும்போது அருக்காணி கூப்பிட்டார். பின்னால் ஒரே கூச்சல்.

“மேடம், எல்லாத்துக்குமே தொறந்துட்டீங்களா? இங்க ரகளைங்க! ஒவ்வொண்ணும் அம்மாவக் கூப்புட்டு வெச்சுக்கிட்டுக் கத்துதுங்க. சோத்துக்கு வர மாட்டேங்குதுங்க.”

அவள் சிரித்துவிட்டாள். அந்த அறையில் தன் சிரிப்பைக் கேட்க அவளுக்கே கூச்சமாக இருந்தது.

மேகலா என்ன செய்கிறாள் என்று கேட்டாள்.

“மூடிருவாங்கன்னு அதுக்கு எப்படியோ தெரிஞ்சு போச்சுங்க. மத்தியானத்துல இருந்து அதைக் கட்டிப் புடிச்சுக்கிட்டே உக்காந்திருந்துச்சு. இப்ப அம்மாகிட்டப் பேசி முடிச்சாச்சு. தொறந்து குடுத்தது நீங்கதான்னு போனைக் காட்டிச் சாடைல சொன்னேன். முன்னால வந்து நின்னுக்கிட்டு உங்களுக்கு என்னமோ சொல்லுதுங்க. கையை ஆட்டி ஆட்டிச் சொல்லுது. எனக்கு ஒண்ணும் புரியல. வெச்சிரட்டுங்களா?”

“வைக்காதீங்க,” என்றாள். “அவ சொல்லி முடிக்கட்டும்.”

போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். அந்தப் பக்கம் பிள்ளைகளின் கூச்சல். அதற்கு நடுவே எங்கோ இரண்டு கைகள் அவளிடம் பேசிக்கொண்டிருந்தன.

“ம்,” என்றாள்.

கொஞ்சம் கழித்து மறுபடியும், “ம்.”